மூன்று சில்லு ஸ்பைடரில் கியர் மாற்றப் பழகுவது: இடது கை இன்னும் கிளச்சைத் தேடுகிறது

பதிவு 1 – கொக்குவில்காரன்

அனைவருக்கும் வணக்கம். இந்த வசந்த காலத்தில் 2015ஆம் ஆண்டின் கான்-ஆம் ஸ்பைடர் ஆர்.டி. ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முன்னால் இரண்டு சில்லு, பின்னால் ஒன்று, 1330 சிசி எஞ்சின், ஆறு கியர் கொண்ட எஸ்.இ.6 அரைத் தானியங்கி வகை. எனக்கு அறுபத்தொரு வயதாகிறது. இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்த பிறகு, சிவப்பு விளக்கில் இரண்டு சில்லு வண்டியின் பாரத்தைத் தாங்கி நிற்கக் கால் மறுத்துவிட்டது. மோட்டார் சைக்கிளை விட மனம் வராததால் இதற்கு மாறினேன்.

யாழ்ப்பாணத்தில் ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவன் நான். இங்கே கனடாவுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் கைக் கிளச் உள்ள வண்டி ஓட்டினேன். ஆகவே கியர் எனக்குப் புதிதன்று. ஆயினும் மூன்று வாரமாகியும் இந்த வண்டியுடன் ஒத்துப்போக முடியவில்லை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இடது கை, இல்லாத கிளச்சை இறுக்குகிறது. வலது கை, இல்லாத முன் பிரேக்கைத் தேடுகிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு ஏற்றும்போது வண்டி தலையை ஆட்டிக் குலுங்குகிறது. சந்தியில் திரும்பும்போது, நான் எதுவும் செய்யாதிருக்க, வண்டி தானாகவே கியரை இறக்கி ஒரு வெட்டு வெட்டுகிறது. எனக்குப் பின்னால் அமர்ந்துவந்த மனைவி, சென்ற ஞாயிற்றுக்கிழமை பாதி வழியில் இறங்கி, திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

இவற்றைவிடக் கவலை தருவது வேறொன்று. எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடம் தெருவிலிருந்து கீழ்நோக்கிச் சரிகிறது. காலையில் பின்கியரில் அந்தச் சரிவில் மேலேறும்போது எரிந்த வாடை வருகிறது. இதே வண்டியை ஓட்டுபவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதிவு 2 – பல்சக்கரம்

வணக்கம் அண்ணா. நான் வாகனத் திருத்தகத்தில் நீண்ட காலம் வேலை செய்தவன். 2010இன் ஆர்.டி.யை, அதாவது 990 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட வகையை, நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டு உங்களுடையதைப் போன்ற 1330க்கு மாறினேன். நீங்கள் எம்டி 90 ஓட்டியவர் என்பது எனக்குப் பெரிய வசதி. ஏனெனில் உங்கள் சிக்கல்களில் பாதியை அந்த வண்டியை வைத்தே விளக்கிவிடலாம்.

எம்டியில் கைக் கிளச் இல்லை. எஞ்சின் வேகமெடுக்கும்போது கிளச்சில் உள்ள எடைகள் வெளிநோக்கி விரிந்து கிளச்சைப் பிடிக்கச் செய்யும். வேகம் தாழ்ந்தால் சுருங்கி விட்டுவிடும். ஸ்பைடர் கிளம்புவதும் இதுபோன்ற மையவிலக்குக் கிளச்சினால்தான், அதாவது சுழலும் வேகத்தில் கட்டைகள் விரிந்து பற்றும் கிளச்சினால்தான். ஆகவே கியரில் போட்டபடி சிவப்பு விளக்கில் நிற்கலாம்; எஞ்சின் அணையாது. வேறுபாடு கியர் மாறும் இடத்தில் இருக்கிறது. எம்டியில் கியர் மிதியைக் காலால் அழுத்தும்போது அந்த அழுத்தமே கிளச்சை விலக்கிவிடும். கியரை இறக்கும்போது மிதியைச் சற்றுப் பிடித்துவைத்து, அக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, பிறகு மெல்ல விட்டால் குலுக்கமே இருக்காது. யாழ்ப்பாணத்துக்காரர் பலருக்கு இது பெயர் தெரியாமலே கைவந்த வித்தை. ஸ்பைடரில் இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ள சிறிய விசை வெறும் மின்விசைதான். கட்டை விரலால் முன்னே தள்ளினால் கியர் ஏறும். சுட்டுவிரலால் உங்களை நோக்கி இழுத்தால் இறங்கும். நீங்கள் கணினிக்குக் கட்டளை கொடுக்கிறீர்கள். கியரை மாற்றும் வேலையை எண்ணெய் அழுத்தம் பார்த்துக்கொள்கிறது. விசையைப் பிடித்துவைப்பதாலோ மெல்ல விடுவதாலோ எந்தப் பயனும் இல்லை.

தலையாட்டத்துக்குக் காரணம் உங்கள் வலது கை. கைக் கிளச் வண்டியில் கியர் ஏற்றும்போது அக்சிலரேட்டரை மூடித் திறப்பது கட்டாயம். பதினெட்டு ஆண்டுகள் அதைச் செய்த கை, இங்கேயும் செய்கிறது. இந்த வண்டியில் அது வேண்டாம். ஏற்றும்போது பிடியை இருந்த இடத்திலேயே வைத்திருங்கள்; மூடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மாறும் கணத்துக்கு எஞ்சினின் வலுவைக் கணினியே குறைத்துக்கொள்ளும். நீங்களும் அதே கணத்தில் மூடினால் இரண்டு குறைப்பும் சேர்ந்து வண்டியின் மூக்குத் தாழும். பிறகு திறக்கும்போது மூக்கு எழும். பின்னால் இருந்த அக்கா பாதி வழியில் இறங்கியதில் வியப்பில்லை.

அடுத்தது, எவ்வளவு வேகத்தில் மாற்றுகிறீர்கள் என்பது. பெரும்பாலோர் வேகமானியைப் பார்த்து மாற்றுகிறார்கள். நீங்கள் சுழற்சிமானியைப் பாருங்கள். உங்கள் 1330 எஞ்சினின் உச்ச முறுக்குவிசை, அதாவது இழுக்கும் வலு, நிமிடத்துக்கு 5,000 சுழற்சிக்கு அருகில் வருகிறது. 115 குதிரைத் திறன் என்று சொல்லப்படுவது 7,250இல். இப்படியிருக்க, 2,500ஐத் தாண்டியதும் அடுத்த கியருக்கு ஏற்றினால், 400 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை எஞ்சின் முக்கிக்கொண்டு இழுக்க வேண்டியிருக்கும். நான் முதல் மூன்று கியர்களை 4,000ஐ ஒட்டி மாற்றுகிறேன். சத்தம் அதிகமாகத் தோன்றலாம். அதுதான் அந்த எஞ்சினின் இயல்பான குரல்.

பதிவு 3 – வடக்குநோக்கி

கொக்குவில்காரன் ஐயா, பல்சக்கரம் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆயினும் கியரை இறக்கும் விடயத்தில் உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம் என்று நினைக்கிறேன். தானாக இறக்கிக்கொள்வதற்காகவே இந்த வண்டியில் கணினி வைத்திருக்கிறார்கள். நான் வேலை நாள்களில் ஸ்டீல்ஸ் அவெனியூ வழியாகப் போகிறவன். விளக்குக்கு விளக்கு நின்று நின்று போகும் அந்தத் தெருவில் ஒவ்வொரு முறையும் ஆறு, ஐந்து, நான்கு என்று சுட்டுவிரலால் இழுத்துக்கொண்டிருந்தால் கை ஓய்ந்துவிடும். பிரேக்கை மிதித்து நிற்கிறேன். நிற்கும்போது வண்டி முதல் கியரில் இருக்கிறது. விளக்கு மாறியதும் புறப்படுகிறேன். மூன்று பருவங்களாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.

பதிவு 4 – மூன்றாம்சில்லு

வணக்கம் ஐயா. நான் இதற்கு முன் எந்த மோட்டார் சைக்கிளும் ஓட்டாதவள். முதலில் பழகியதே ஸ்பைடரில்தான். அதனால் நீங்கள் சொல்லும் கைப் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் தானாகக் கியர் இறங்கும் சிக்கலில் நானும் மாட்டிக்கொண்டேன். எனக்கு அது எப்படி விளங்கியது என்பதைச் சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கடைகள் திறக்குமுன், ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் வெறும் கார் நிறுத்துமிடத்தில் என் அண்ணா என்னைப் பழக்கினார். முதல் நாள் முழுவதும் முதல் கியரிலேயே கிளம்புவதும் நிற்பதும்தான். இரண்டாம் நாள் அவர் ஒரு வேலை செய்தார். வேகமானி, சுழற்சிமானி, கியர் எண் மூன்றையும் ஓர் அட்டையால் மறைத்து, எந்தக் கியரில் போகிறோம் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லச் சொன்னார். முதல் அரை மணி நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு காதில் ஒரு வேறுபாடு விழத் தொடங்கியது. சுழற்சி போதுமான அளவில் இருக்கும்போது எஞ்சினின் ஒலி ஒரே இழையாக வருகிறது. தாழ்ந்தால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது, இருக்கையின் அடியில் ஒரு நடுக்கமும் வருகிறது. அந்த நடுக்கம் தொடங்கியதும் விரலால் இழுக்கச் சொன்னார். அப்படி இழுத்தால், வண்டி தானாக இறக்குவதற்கு ஒரு கணம் முன்னதாகவே நான் இறக்கிவிடுகிறேன், வெட்டு இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கைப்பிடியை முழுவதும் திருப்பியிருக்கும்போது கியரை மாற்ற முயல வேண்டாம். இடது பக்கம் ஒடித்துத் திரும்பும்போது கட்டை விரல் இருக்கும் கோணம் மாறிவிடுகிறது. ஏப்ரல் குளிருக்குத் தடித்த கையுறை போட்டிருந்த நாளில், தள்ள நினைக்காமலே விரல் விசையில் பட்டு, திருப்பத்தின் நடுவில் கியர் ஏறிவிட்டது. அன்றிலிருந்து திருப்பத்துக்கு முன்பே இறக்கி, நேரான பிறகே ஏற்றுகிறேன்.

பதிவு 5 – பல்சக்கரம்

தங்கச்சி சொன்னதுபோல் திருப்பத்துக்கு முன்பே கியரை இறக்கும் விடயத்தில்தான் வடக்குநோக்கியுடன் நான் மாறுபடுகிறேன். நேர்த் தெருவில், நிற்பதற்காகப் பிரேக் மிதிக்கும்போது, தானாக இறங்குவதால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் திருப்பத்தில் நிலைமை வேறு. சுழற்சி மிகவும் தாழும்வரை கணினி பொறுத்திருக்கும். ஓட்டுநர் இறக்குவார் என்று காத்திருந்து, எஞ்சின் திணறப்போகும் இடத்தில்தான் தானே இறக்கும். அந்த இடம் பெரும்பாலும் திருப்பத்தின் நடுவாக அமைந்துவிடுகிறது, ஏனெனில் அங்கேதான் வேகம் மிகக் குறைவு. கியர் இறங்கும் அதே நொடியில் நீங்கள் வெளியேறுவதற்காக அக்சிலரேட்டரையும் திறக்கிறீர்கள். பின் சில்லுக்கு வலு ஒரு கணம் நின்று, பிறகு திடீரென வந்து சேர்வதால் வெட்டுகிறது. மூன்று சில்லு வண்டி சாயாது என்பதையும் நினைவில் வையுங்கள். திருப்பத்தில் உங்கள் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது, நீங்கள் கைப்பிடியைப் பற்றித்தான் அந்தத் தள்ளலைத் தாங்குகிறீர்கள். அந்நேரத்தில் வரும் ஒரு சிறு குலுக்கமும் கை வழியாக முன் சில்லுகளுக்குப் போய்விடும்.

ஆகவே, திருப்பத்துக்கு முன் நேரான பாதையில் பிரேக், அதே நேரம் சுட்டுவிரலால் இறக்குதல், பிறகு திரும்புதல். அக்சிலரேட்டரை மூடிய நிலையில் இறக்குங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் அந்தக் கியர் விழுவதற்கு நேரம் கொடுங்கள்.

பின்கியர் வாடைக்கு வருகிறேன், இதுதான் அவசரமானது. கிளச் கட்டைகள் முழுவதும் பற்றுவதற்கு எஞ்சினுக்கு ஒரு குறைந்தபட்சச் சுழற்சி வேண்டும். அதற்குக் கீழே அவை பாதி பற்றி, பாதி வழுக்கிக்கொண்டிருக்கும். சமதரையில் கிளம்பும்போது அந்த வழுக்கல் ஒரு விநாடியில் முடிந்துவிடுகிறது. நீங்கள் மேட்டில் பின்னோக்கி ஏறுகிறீர்கள். சுவரில் மோதிவிடுவோமோ என்று பயந்து அக்சிலரேட்டரைச் சிறிதளவே திறக்கிறீர்கள். கூடவே வலது கால் பிரேக்கையும் தொட்டுக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அவ்வளவு நேரமும் கட்டைகள் தேய்ந்து சூடேறுகின்றன. இதை இன்றோடு நிறுத்துங்கள் அண்ணா. மாலையில் வரும்போது தெருவில் நின்று, பின்கியரில் சரிவில் இறங்கி நிறுத்துங்கள். பின்கியர் விசையை அழுத்திப் பிடித்தபடி சுட்டுவிரலால் இழுத்தால் பின்கியர் விழும். அதற்குப் பிறகு வண்டி பாரத்திலேயே கீழே போகும், பிரேக் மட்டும் போதும். காலையில் முதல் கியரில் முன்னோக்கி மேலேறுங்கள்.

பதிவு 6 – கொக்குவில்காரன்

தம்பி, நீங்கள் நேரில் நின்று பார்த்ததைப் போல எழுதியிருக்கிறீர்கள். பிரேக்கைத் தொட்டபடி அக்சிலரேட்டர் கொடுத்தது உண்மை. ஒரு பக்கம் அயலவரின் வேலி, மறுபக்கம் எங்கள் கார். ஏற்கெனவே வாடை வந்த கிளச் கெட்டிருக்குமா என்று எப்படி அறிவது?

பதிவு 7 – பல்சக்கரம்

நேர்த் தெருவில் நான்காவது கியரில் போய்க்கொண்டு அக்சிலரேட்டரை நன்றாகத் திறந்து பாருங்கள். சுழற்சி ஏறும் அளவுக்கு வண்டியின் வேகமும் சேர்ந்து ஏறினால் வழுக்கல் இல்லை. சுழற்சிமட்டும் தாவி ஏறி, வேகம் பின்தங்கினால் திருத்தகத்துக்குக் கொண்டு போங்கள். எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். இந்த வண்டியில் எஞ்சின் எண்ணெயேதான் கிளச்சையும் நனைக்கிறது, கியர் மாற்றும் அழுத்தத்தையும் கொடுக்கிறது. ஆகவே ஈரக் கிளச் உள்ள மோட்டார் சைக்கிளுக்கென்று குறிக்கப்பட்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும். காருக்கு ஊற்றும் எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தால் கிளச் வழுக்கத் தொடங்கும். அரைத் தானியங்கி வகையில் எஞ்சின் எண்ணெய் வடிகட்டியோடு, கியர் அழுத்தப் பகுதிக்கென இன்னொரு வடிகட்டியும் உண்டு. பழைய வண்டி வாங்கியவர்கள் அந்த இரண்டாவதை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கைக் கிளச் வண்டியை மேட்டில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு எஞ்சினை அணைத்தால் அது நகராது. இங்கே அந்த நம்பிக்கை வேண்டாம். எஞ்சின் அணைந்ததும் கட்டைகள் சுருங்கிவிடும்; கியரில் இருந்தாலும் சில்லு தாராளமாக உருளும். 2010 வண்டியை வாங்கிய புதிதில், போர்ட் பெரியில் ஸ்குகொக் ஏரியை நோக்கிச் சரியும் ஒரு தெருவில் முதல் கியரில் நிறுத்திவிட்டு வலது காலை எடுத்தேன். வண்டி முன்னே நகர்ந்தது. உடனே மிதித்துவிட்டதால் முன்னால் நின்ற காருக்கு ஒரு முழம் இடைவெளியில் தப்பினேன். எஞ்சினை அணைக்கும்முன் நிறுத்தற் பிரேக்; அதன் பிறகே மற்றதெல்லாம்.

இதே காரணத்தால், சரிவில் மிக மெதுவாக இறங்கும்போதும் ஒரு கட்டத்துக்குக் கீழே எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. கட்டைகள் விட்டதும் வண்டி திடீரென விடுபட்டது போல உருளும். அந்நேரம் வலது கால் பிரேக் மிதிக்கு மேலே தயாராக இருக்க வேண்டும். ஒரே மிதி மூன்று சில்லுகளையும் சேர்த்துப் பிடிக்கும். கைப் பிரேக்கைத் தேடும் உங்கள் வலது கை இதை ஏற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும்.

பதிவு 8 – வவுனியா வாசி

நான் ஊரில் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்தவன். அதில் இடது கைப்பிடியையே சுழற்றித்தான் கியர் மாற்ற வேண்டும், கிளச்சும் அதே கையில். ஸ்பைடரை முதன்முதலில் ஓட்டியபோது, கியரை ஏற்ற நினைத்ததும் என் இடது மணிக்கட்டு தானாக முறுக்கியது. அங்கே எதுவும் சுழலாது.

பழக்கத்தை மாற்ற எனக்கு உதவியது வீட்டில் செய்த பயிற்சி. இரவில் வண்டியை அணைத்து, நிறுத்தற் பிரேக் போட்டு, இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரல், சுட்டுவிரல், வலது கால் என்று வாயால் சொல்லிச் சொல்லி அசைத்தேன். "நிற்கப் போகிறேன்" என்று சொன்னால் கால் மட்டும் அசைய வேண்டும்; இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வீதம் ஒரு வாரம் செய்தேன். இடது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் பிடியை விட்டு விலக்காமல் வைத்திருப்பதும் உதவியது, ஏனெனில் கிளச்சுக்கு நீள்வது அந்த விரல்கள்தான்.

பதிவு 9 – வடக்குநோக்கி

பல்சக்கரத்தின் விளக்கத்தைப் படித்த பிறகு இரண்டு மாலை வேறு விதமாக ஓட்டிப் பார்த்தேன். திருப்பங்களில் முன்பே இறக்குவது தெளிவாக நல்லது. அந்த இடத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நேர்த் தெரு நெரிசலில் வண்டி தானே இறக்கட்டும் என்பதில் மாற்றமில்லை.

இந்த இழையில் இதுவரை பேசப்படாத ஒன்று ஈக்கோ முறை. 2014 முதல் வந்த 1330 வண்டிகளில் அதை இயக்கினால், எப்போது ஏற்ற வேண்டும் என்று திரையில் அம்புக்குறி வரும். எரிபொருளைச் சேமிப்பதற்கான குறி அது. மிகத் தாழ்ந்த சுழற்சியிலேயே ஏற்றச் சொல்கிறது. புதிதாகப் பழகுபவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார். நானும் எடுத்துக்கொண்டேன். மூன்று பருவங்களாக ஆறாவது கியரில் எஞ்சினை முனக வைத்திருக்கிறேன் என்று இப்போது விளங்குகிறது. கொக்குவில்காரன் ஐயாவின் வண்டியில் ஈக்கோ இயங்குகிறதா என்று ஒருமுறை பார்க்கவும்.

பதிவு 10 – புதியவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கிளச் இல்லாத மூன்று சில்லு வண்டிக்கும் ஒன்ராறியோவில் மோட்டார் சைக்கிள் உரிமம் வேண்டுமா?

பதிவு 11 – மூன்றாம்சில்லு

வேண்டும். எம்1 என்ற பழகுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்விலிருந்தே தொடங்க வேண்டும். எம்1 தொண்ணூறு நாள்களுக்குச் செல்லும். அந்தக் காலத்தில் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. தலைக்கவசம் கட்டாயம். சில்லு மூன்று என்பதால் எந்தச் சலுகையும் இல்லை. மூன்று சில்லில் வீதித் தேர்வு கொடுப்பதானால் பதிவு செய்யும்போதே அதைச் சொல்லி, உரிமத்தில் என்ன நிபந்தனை வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு 12 – கொக்குவில்காரன்

மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். இத்தனை பேர் நேரம் செலவிட்டு எழுதியதற்கு முடிவைச் சொல்லாமல் இருப்பது முறையன்று.

ஈக்கோ முறை இயங்கிக்கொண்டுதான் இருந்தது; முன்னைய உரிமையாளர் அப்படியே விட்டிருக்கிறார். அணைத்துவிட்டேன். எண்ணெயும் இரண்டு வடிகட்டிகளும் மாற்றியாயிற்று. நான்காவது கியர்ச் சோதனையில் சுழற்சியும் வேகமும் சேர்ந்தே ஏறின. சரிவில் பின்னோக்கி இறங்கி நிறுத்துகிறேன், வாடை வரவில்லை.

வவுனியா வாசி சொன்ன கண்மூடிப் பயிற்சியைத் தினமும் இரவில் செய்தேன். ஆறாம் நாள், விளக்கில் நின்ற பிறகுதான், இடது கை அசையவில்லை என்பதைக் கவனித்தேன். தங்கையின் அட்டை வித்தையையும் வெறும் கார் நிறுத்துமிடத்தில் ஒரு காலை செய்தேன். அவர் எழுதிய அந்த நடுக்கம் எனக்கு இருக்கையைவிட, காலை வைக்கும் பலகையில் முதலில் தெரிகிறது.

சென்ற சனிக்கிழமை கலிடன் பக்கம், ஃபோர்க்ஸ் ஆஃப் தி கிரெடிட் வீதிக்குப் போனேன். அங்கே கொண்டை ஊசி போல மடங்கும் ஒரு திருப்பம் இருப்பது இங்குள்ள மோட்டார் சைக்கிள்காரர் அனைவருக்கும் தெரியும். திருப்பத்துக்கு நெடுந்தூரம் முன்னே பிரேக்கை மிதித்தபடி நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று இறக்கி, இரண்டாவதிலேயே உள்ளே போனேன். நடுவில் கியர் மாறவில்லை. கைப்பிடி நேரான பிறகு அக்சிலரேட்டரை அசைக்காமல் கட்டை விரலால் தள்ளினேன். ஒரு சிறு சத்தம் மட்டும் கேட்டது, தலை ஆடவில்லை. மனைவியும் பின்னால் இருந்தார். பெல்ஃபவுண்டனில் இறங்கித் தேநீர் குடிக்கும்போது, திரும்பிப் போகும்போதும் இதே வழியால் போவோமா என்று கேட்டார்.